வளர்த்த மான்ஸ்டர் மேசையில் வேறு மாதிரி நடந்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பெங்களூரில் ஞாயிறு மதியங்களில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டை ஆடும் தமிழ்க் குழுக்களில், டிஎம் (கதையையும் மான்ஸ்டர்களையும் நடத்துகிறவர்) நாற்காலியில் உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக டிஎம் ஆனவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "அண்ணா, புக்ல இருக்கிற கணக்குப்படிதான் மான்ஸ்டரை ஏத்தினேன். சிஆர் 6 வந்துச்சு. பசங்களும் ஆறாவது லெவல்தான். ஆனா ரெண்டாவது ரவுண்டுலேயே ரெண்டு பேர் அவுட்."

அவர் போட்ட கணக்கு சரிதான். ஆனால் மான்ஸ்டர் எவ்வளவு கடினம் என்று சொல்லும் சிஆர் என்ற அந்த ஒற்றை எண்ணுக்குள் பல எண்கள் ஒளிந்திருக்கின்றன. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கும்போது பத்துக்கு ஏழு பொருத்தம் என்றால், எந்த மூன்று இல்லை என்றுதான் முதலில் கேட்போம். இங்கேயும் அதே கேள்விதான். மான்ஸ்டரை வளர்க்கும்போது எல்லா எண்களும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. சண்டை கெட்டுப்போனால், எந்த எண் தனியாக ஓடியது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைப் பார்க்காமல் ஹெச்பியை (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்ணை) மட்டும் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால் அடுத்த வாரமும் இதே புகார் வரும்.

பெரும்பாலும் 3.5 பதிப்பை வைத்தே பேசுகிறேன். 2003-ல் வந்த பதிப்பு அது. ஹிட் டைஸ் (மான்ஸ்டருக்கு லெவல் மாதிரி ஓர் எண்) கூட்டி மான்ஸ்டரை வளர்ப்பதற்கு விரிவான சட்டம் அதில் இருக்கிறது, அதனால் கோளாறு எங்கே என்றும் அதில் தெளிவாகத் தெரியும். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு ஆடுகிறவர்களுக்கு வேண்டியதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

3.5-ல் சிஆர் என்பதன் பொருள் இதுதான்: நான்கு பேர் உள்ள ஒரு பார்ட்டி, தன் லெவலுக்குச் சமமான சிஆர் உள்ள மான்ஸ்டரோடு மோதினால், அந்த நாளின் வளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செலவாக வேண்டும். ஹெச்பி, மந்திரம், மருந்துப் புட்டி எல்லாம் சேர்ந்ததுதான் வளம். நான்கு பேர், ஓய்வெடுத்து வந்தவர்கள், லெவலுக்கு ஏற்ற ஆயுதம் உள்ளவர்கள், அடி தாங்க ஒருவர், காயம் ஆற்ற ஒருவர் என்று ஒரு மேசையை மனதில் வைத்துப் போட்ட எண் அது.

வளர்க்கும் சட்டம் மான்ஸ்டரின் வகையைப் பொறுத்தது. ஜயன்ட், அன்டெட், கன்ஸ்ட்ரக்ட், பூச்சி போன்றவற்றுக்கு 4 ஹிட் டைஸ் கூட்டினால் சிஆர் ஒன்று ஏறும். விலங்குக்கும் மாஜிக்கல் பீஸ்ட்டுக்கும் 3 போதும். டிராகனுக்கும் அவுட்சைடருக்கும் 2. உடம்பு லார்ஜ் அளவுக்கோ அதற்கு மேலேயோ பெருத்தால் தனியாக ஒன்று. சிஆர் இரட்டிப்பாகிவிட்டால் அதற்கு மேல் கூட்டுவதை மிகக் கவனமாகப் பாருங்கள் என்று மான்ஸ்டர் புத்தகமே எச்சரிக்கிறது. என் அனுபவத்தில் அதற்கு வெகு முன்னாலேயே கவனிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு தாளில் ஐந்து எண்களை எழுதுங்கள். மான்ஸ்டரின் அட்டாக் போனஸ், ஒரு ரவுண்டில் எல்லா அடியும் பட்டால் வரும் டேமேஜ், ஏசி (அதை அடிக்க டைஸில் எட்ட வேண்டிய எண்), ஹெச்பி, அதன் சக்திகளுக்கான சேவ் டிசி (சக்தியிலிருந்து தப்ப டைஸில் எட்ட வேண்டிய எண்). பக்கத்திலேயே அதே சிஆர் உள்ள இரண்டு மான்ஸ்டர்களைப் புத்தகத்திலிருந்து எடுத்து, அவற்றின் ஐந்து எண்களையும் எழுதுங்கள். அப்புறம் உங்கள் பார்ட்டியில் ஹெச்பி குறைந்தவர் யார், ஏசி அதிகமானவர் யார், யாருடைய எந்த சேவ் பலவீனம் என்று மூன்று வரி. கால் மணி நேர வேலை. கீழே சொல்லும் அறிகுறிகள் பாதிக்கு மேல் இந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

"பிடிச்சா விடவே மாட்டேங்குது"

ஒரு ஆள் பிடியில் மாட்டிக்கொள்கிறார். ரவுண்டுக்கு ரவுண்டு டைஸ் உருட்டுகிறார், வெளியே வர முடியவில்லை. கடைசியில் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பிக்கிறார். இந்த அறிகுறியை நான் முதலில் வைப்பதற்குக் காரணம், வளர்த்த மான்ஸ்டர்களில் அதிகம் வருவதும் அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான். காரணம் ஏறக்குறைய எப்போதும் உடல் அளவு.

அவுல்பேரை எடுத்துக்கொள்வோம், ஆந்தைத் தலையும் கரடி உடம்பும் உள்ள அந்த மிருகம். புத்தகத்தில் அது 5 ஹிட் டைஸ், லார்ஜ், சிஆர் 4. ஹெச்பி 52, நக அடி +9, கிராப்பிள் (பிடிக்கும் பலம்) +14. 9 ஹிட் டைஸ் வரை வளர்த்தால் ஹ்யூஜ் (லார்ஜுக்கு அடுத்த அளவு) ஆகிவிடும். 4 ஹிட் டைஸ் கூடியதற்கு ஒன்று, அளவுக்கு ஒன்று, ஆக சிஆர் 6. சட்டப்படி சரி.

இப்போது தாளைப் பாருங்கள். லார்ஜிலிருந்து ஹ்யூஜுக்குப் போனால் ஸ்ட்ரெங்த் (பலம்) 8 கூடும், கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 4 கூடும். எட்டாவது ஹிட் டைஸுக்குக் கிடைக்கும் ஒரு புள்ளியையும் சேர்த்தால் ஸ்ட்ரெங்த் 30. ஹெச்பி 112 ஆகிறது, நக அடி +17. கிராப்பிள் 14-லிருந்து 27-க்குத் தாவுகிறது, ஏனென்றால் ஹிட் டைஸ், ஸ்ட்ரெங்த், அளவு மூன்றும் அதில் சேர்ந்து ஏறுகின்றன. ஆறாவது லெவல் ஃபைட்டரின் கிராப்பிள் +10 இருந்தால் பெரிய விஷயம். இருவரும் டி20 (இருபது முக டைஸ்) உருட்டி, ஃபைட்டர் 18 கூடுதலாக எடுத்தால்தான் விடுபடலாம். நூறு முயற்சியில் ஒன்றுகூடத் தேறாது.

ஒப்பிட ஹில் ஜயன்ட்டைப் பாருங்கள். சிஆர் 7. ஹெச்பி 102, அடி +16, கிராப்பிள் +20. நம் சிஆர் 6 மிருகம் மூன்றிலும் அதைத் தாண்டிவிட்டது. ஏசி மட்டும் 16, ஜயன்ட்டுக்கு 20. அந்த ஒரு குறையை வைத்து வேண்டுமானால் சிஆர் 7 என்று ஒப்புக்கொள்ளலாம், 6 என்பதை ஒப்புக்கொள்ள முடியாது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பிடியிலிருந்து தப்பவைக்கும் நல்ல மந்திரங்களான ஃப்ரீடம் ஆஃப் மூவ்மென்ட்டும் டைமென்ஷன் டோரும் நான்காம் நிலை மந்திரங்கள். கிளெரிக்குக்கும் (பூசாரி) விசார்டுக்கும் (மந்திரவாதி) அவை ஏழாவது லெவலில்தான் கிடைக்கும். ஆக, ஆறாவது லெவல் பார்ட்டிக்குக் கொடுக்கும் பெரிய பிடிகார மிருகத்துக்கு, மருந்து இன்னும் அவர்கள் பையில் வரவே இல்லை. அடுத்த லெவலில் இதே சண்டை பாதி சுலபமாகிவிடும். இதையெல்லாம் சிஆர் சொல்லாது.

சரிசெய்ய எனக்குப் பிடித்த வழி, அளவைத் தொடாமல் விடுவது. அவுல்பேரை 8 ஹிட் டைஸோடு நிறுத்தினால் லார்ஜாகவே இருக்கும். ஹெச்பி 84, நக அடி +13, கிராப்பிள் +18, சிஆர் 5. பயம் இருக்கும், தப்பவும் இடம் இருக்கும். ஹ்யூஜ் மிருகம்தான் வேண்டும், படத்தைக்கூட வரைந்து வைத்துவிட்டேன் என்றால், ஹிட் டைஸைக் கூட்டாமல் அளவை மட்டும் கூட்டுங்கள். அல்லது பிடிக்கும் சக்தியை எடுத்துவிட்டு, பிடிக்குப் பதில் ஆளைத் தூக்கி எறியட்டும். அந்த ஆட்டக்காரருக்கு அடுத்த முறை செய்ய ஒரு வேலை இருக்கும். குகையில் ஒரு கிரீஸ் ஸ்க்ரோல் கிடைக்க வைப்பதும் நல்ல யோசனை. ஆளின் உடுப்பில் போட்டால் பிடியிலிருந்து தப்ப +10 கிடைக்கும், முதல் நிலை மந்திரம்தான்.

"எவ்ளோ அடிச்சாலும் சாகல, ஆனா பயமும் இல்ல"

சண்டை எட்டு ஒன்பது ரவுண்டு இழுக்கிறது. யாருக்கும் பெரிய காயமில்லை. இது முன்னதற்கு நேர் எதிர்: ஹெச்பி ஏறியிருக்கிறது, அடி ஏறவில்லை.

ஹிட் டைஸ் கூட்டும்போது ஏசி தானாக ஏறாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். செத்தும் நடமாடும் வைட்டைப் பாருங்கள். 4 ஹிட் டைஸ், சிஆர் 3, ஹெச்பி 26, ஏசி 15, அடி +3. அதை 8 ஹிட் டைஸாக்கினால் சிஆர் 4, ஹெச்பி 52. ஏசி அதே 15. அடி +5. ஏசி 19 உள்ள ஃபைட்டரை அடிக்க அதற்கு 14-ஓ அதற்கு மேலோ விழ வேண்டும், மூன்றில் ஒரு தடவைதான் படும். பட்டாலும் டேமேஜ் பெரும்பாலும் நான்குக்குள்தான். லெவலை உறிஞ்சும் சக்திதான் அதன் உயிர், அது எப்போதாவது ஒரு முறைதான் வேலை செய்கிறது. ஃபைட்டரோ நான்கில் மூன்று தடவை அதை அடித்துவிடுகிறார். இரட்டிப்பு நேரம் நிற்கும் பழைய வைட்டைத்தான் நாம் உருவாக்கியிருக்கிறோம்.

இங்கே ஹிட் டைஸ் தப்பான கருவி. பழைய 26 ஹெச்பி வைட்டுக்கே ஒரு நல்ல கவசம் மாட்டிவிட்டு, கூட இரண்டு எலும்புக்கூடுகளை அனுப்புங்கள். ஃபைட்டர் எலும்புக்கூட்டோடு மல்லுக்கட்டும்போது வைட் பின்வரிசைக்குப் போகும். அங்கே ஏசி 13 உள்ள விசார்டு நிற்கிறார். அப்போது பயம் வரும்.

ஐந்தாம் பதிப்பில் இந்தக் கோளாறு இன்னும் அதிகம், ஏனென்றால் அங்கே ஹிட் டைஸ் கூட்டும் படிக்கட்டு இல்லை. 2014 டிஎம் கையேட்டில் ஒரு அட்டவணைதான் இருக்கிறது. தற்காப்புக்கு ஒரு சிஆர், தாக்குதலுக்கு ஒரு சிஆர் கண்டுபிடித்து இரண்டுக்கும் சராசரி எடுக்க வேண்டும். சராசரி என்பதால் ஒன்றை மட்டும் ஏற்றினாலும் எண் ஏறிவிடும். 59 ஹெச்பி உள்ள சிஆர் 2 ஓகர் என்ற அரக்கனுக்கு 200 ஹெச்பி கொடுத்தால் அட்டவணை திருப்தியாகிவிடும், மேசையில் நான்கு பேரும் கொட்டாவி விடுவார்கள். இன்னொன்று, அந்த அட்டவணையில் சிஆர் 5-க்கு ஹெச்பி 131 முதல் 145 வரை போட்டிருக்கும். ஆனால் 2014 மான்ஸ்டர் புத்தகத்திலேயே உள்ள சிஆர் 5 ஹில் ஜயன்ட்டுக்கு 105-தான், டிரோலுக்கு 84-தான். ஜயன்ட் ரவுண்டுக்கு இரண்டு அடி, அடிக்கு சராசரி 18. புத்தக மான்ஸ்டர்கள் அட்டவணையைவிட மெலிந்தவை. அதனால் அட்டவணை ஹெச்பியில் கால் பங்கைக் கழித்துவிட்டு, தாக்குதலை மட்டும் அட்டவணைப்படி வைப்பேன். சண்டை நாலு ரவுண்டில் முடியும், அந்த நாலும் சூடாக இருக்கும்.

"முதல் ரவுண்டிலேயே ஆள் காலி"

நம் ஊர்க் கதைக்கு யாளி வேண்டும் என்று ஆசைப்படாத தமிழ் டிஎம்மை நான் பார்த்ததில்லை. நானும் செய்திருக்கிறேன். 3.5-ல் சுலபமான வழி டயர் லயனை எடுத்துத் தோலை மாற்றுவது. 8 ஹிட் டைஸ், சிஆர் 5, ஹெச்பி 60, நக அடி +13. மூன்று ஹிட் டைஸ் கூட்டினால் சிஆர் 6, ஹெச்பி 82, அடி +15. தும்பிக்கைக்கு ஒரு சின்ன சக்தி கொடுத்தால் இன்னொரு ஒன்று சேர்க்கலாம்.

கவனிக்க வேண்டியது அதன் பௌன்ஸ். பாய்ந்து வந்த அதே மூச்சில் ஃபுல் அட்டாக்கும் செய்யும், பின்னங்கால் நகங்களும் சேரும். மொத்தம் ஐந்து அடி. வளர்க்காத சிங்கமே ஐந்தும் பட்டால் சராசரி 41 டேமேஜ் கொடுக்கும். ஐந்தாவது லெவல் விசார்டுக்கு 24 ஹெச்பி இருந்தால் அதிகம். வேகம் 40 அடி, பாய்ச்சலில் 80 அடி வரை வரும். ஆக, யார் முதலில் என்று சொல்லும் இனிஷியேட்டிவ் டைஸ் ஒன்றே அந்த விசார்டின் உயிரை முடிவு செய்கிறது.

இந்த அறிகுறிக்கு ஹெச்பியைக் குறைத்தாலும் பயனில்லை, அடி போனஸை இரண்டு குறைத்தாலும் பயனில்லை. இடத்தை மாற்ற வேண்டும். பாய்ச்சலுக்கு நேர்க்கோட்டில் தடையில்லாத பாதை வேண்டும் என்பதால், தூண்கள் நெருங்கிய மண்டபத்தில் யாளியை வையுங்கள். அதற்குப் பொருத்தமான இடமும் அதுதானே. இடிந்த கற்கள், முழங்கால் தண்ணீர், படிக்கட்டு எல்லாமே பாய்ச்சலைக் கெடுக்கும். திறந்த வெளியில்தான் சண்டை என்றால் அது வருவதற்கு முன் உறுமல் கேட்கட்டும், பார்ட்டிக்குத் தயாராக ஒரு ரவுண்டு கிடைக்கட்டும். திறந்த வெளியில், திடீரென்று, பாயும் மிருகம் என்று மூன்றும் சேர்ந்தால் அதன் சிஆரோடு ஒன்று கூட்டித்தான் எண்ணுவேன்.

"சேவ் எடுக்கவே முடியல", "ஒரே சேவ்ல கதை முடிஞ்சுது"

இவை இரண்டும் ஒரே மாதிரி கேட்கும், ஆனால் வேறு நோய்கள்.

முதலாவது டிசி ஏறிய நோய். பெரும்பாலான சக்திகளின் டிசி, 10 கூட்டல் பாதி ஹிட் டைஸ் கூட்டல் ஒரு அபிலிட்டி போனஸ். விஷம், மூச்சு போன்றவை கான்ஸ்டிட்யூஷனை நம்பியவை. அளவு பெருத்தால் அதுவும் 4 ஏறும். 4 ஹிட் டைஸும் ஒரு அளவும் சேர்ந்தால் டிசி 4 ஏறிவிடும். பார்ட்டியில் பலவீனமான சேவோ மூன்று லெவலுக்கு ஒன்றுதான் ஏறும். வளர்த்த பிறகு டிசியை மட்டும் பழைய இடத்துக்கே இரண்டு மூன்று இழுத்து வைப்பதில் தவறே இல்லை. பலவீனமான ஆளுக்கு டைஸில் 12, 13 விழுந்தால் தப்பலாம் என்ற அளவில் நிறுத்துவேன்.

இரண்டாவது, விளைவு பெரிதான நோய். இங்கே டிசி குறைவாகவே இருக்கும். பாசிலிஸ்க் சிஆர் 5, பார்வைக்கு டிசி 13 மட்டும்தான். ஆனால் தோற்றவர் கல்லாகிவிடுவார். கல்லை ஆளாக்கும் பிரேக் என்சான்ட்மென்ட் ஐந்தாம் நிலை மந்திரம், ஒன்பதாவது லெவலில்தான் கைக்கு வரும். ஐந்தாவது லெவலில் கல்லானவர் அந்த மதியம் முழுக்க சும்மா உட்கார வேண்டும். வெற்றி பெறும் வாய்ப்பை சிஆர் ஓரளவு அளக்கும், தோற்றவருக்கு என்ன ஆகும் என்பதை அளக்காது. ஐந்தாம் பதிப்பின் நிழல் (ஷேடோ) என்ற மான்ஸ்டர் இதற்கு இன்னும் கொடிய உதாரணம். சிஆர் அரைதான், ஹெச்பி 16-தான். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் 1டி4 ஸ்ட்ரெங்த் போகும், பூஜ்யமானால் மரணம், டெத் சேவ் கூடக் கிடையாது. ஸ்ட்ரெங்த் 8 உள்ள விசார்டு இரண்டே அடியில் போகலாம். மாயமில்லாத ஆயுதம் அதன் மேல் பாதிதான் ஏறும். முதல் லெவல் பார்ட்டிக்கு மூன்று நிழல்கள் என்று எழுதியிருக்கும் எந்தத் திட்டத்தையும் நான் மாற்றிவிடுவேன்.

மருந்து: சக்தியை வைத்துக்கொள்ளுங்கள், தீர்வையும் அருகில் வையுங்கள். பாசிலிஸ்கின் குகையிலேயே அதன் கொழுப்பில் செய்த ஒரு களிம்பு இருக்கலாம். அல்லது விளைவைப் படிப்படியாக்குங்கள். முதல் சேவ் தோற்றால் கால் மரக்கட்டும், இரண்டாவதில் அசைய முடியாமல் போகட்டும், மூன்றாவதில் கல். ஒவ்வொரு படியிலும் மற்றவர்கள் ஏதாவது செய்ய நேரம் கிடைக்கும்.

"பாஸ் வந்தான், நின்னான், செத்தான்"

நான்கு பேர் ஒரு ரவுண்டில் நான்கு முறை செயல்படுகிறார்கள், தனி பாஸ் ஒரு முறை. ஸ்லோ, ஹோல்ட் மாதிரி ஒரு மந்திரம் பட்டால் அதுவும் போச்சு. பாஸை இன்னும் வளர்த்தால் மேலே சொன்ன பிடி, டிசி நோய்கள்தான் வரும், தனிமை தீராது. 3.5-ல் ஒரே சிஆர் உள்ள இருவர் சேர்ந்தால் சண்டையின் நிலை (மொத்தக் கடினம்) இரண்டு ஏறும். ஆறாவது லெவல் பார்ட்டிக்கு நிலை 8 சண்டை வேண்டுமென்றால், சிஆர் 8 ஒன்றைவிட சிஆர் 6 இரண்டு ஏறக்குறைய எப்போதும் நல்ல சண்டையாக அமையும். ஐந்தாம் பதிப்பில் லெஜண்டரி ஆக்‌ஷன் மூன்றும் (மற்றவர் முறைக்குப் பின் கூடுதல் செயல்) லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் மூன்றும் (தோற்ற சேவை வென்றதாக்குவது) கொடுக்கலாம், ஆனால் கணக்கில் சேருங்கள்: சிஆர் 5 முதல் 10 வரை ஒவ்வொரு ரெசிஸ்டன்ஸும் 20 ஹெச்பிக்குச் சமம்.

"எல்லா சண்டையும் சப்புன்னு இருக்கு"

இது பெங்களூர் நோய் என்றே சொல்வேன். மான்ஸ்டரில் கோளாறே இருக்காது.

ஐந்தாம் பதிப்பின் 2014 கையேடு ஒரு நாளுக்கு, அதாவது ஒரு நீண்ட ஓய்வுக்கும் அடுத்ததற்கும் நடுவில், ஆறிலிருந்து எட்டு நடுத்தர அல்லது கடினச் சண்டைகளை எதிர்பார்க்கிறது. 3.5-ம் ஐந்தில் ஒரு பங்கு வளம் என்று சொல்லும்போது நாளுக்கு நான்கு சண்டையை மனதில் வைத்திருக்கிறது. நம் நிலைமை என்ன? ஒருவர் ஒசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக வர வேண்டும், ஒருவர் ஒயிட்ஃபீல்டிலிருந்து, இன்னொருவர் சில்க் போர்டில் நிற்கிறேன் என்று மெசேஜ் போடுவார். இரண்டு மணிக்கு என்று சொன்னது மூன்றரைக்கு ஆரம்பிக்கும். மறுநாள் திங்கட்கிழமை என்பதால் எட்டு மணிக்கே எல்லோரும் கிளம்ப வேண்டும். நடுவில் டீ, பஜ்ஜி, பேச்சு. இரண்டு சண்டை நடந்தால் அதிகம். சண்டை முடிந்ததும் கதையிலும் எல்லோரும் தூங்கி எழுந்துவிடுகிறார்கள். விசார்டு எட்டு சண்டைக்கான மந்திரத்தை இரண்டில் கொட்டுகிறார். எந்த மான்ஸ்டரும் தாங்காது.

பலர் இதற்கு மான்ஸ்டரை வளர்க்கிறார்கள். அப்போது முழு ஓய்வோடு வந்தவர்கள் தப்பிக்கிறார்கள், நாள் முழுக்க ஒரே மாதிரி அடிக்கும் ரோக், ஃபைட்டர் போன்றவர்கள் செத்துப்போகிறார்கள். மேசை முடிந்தால் கதையின் நாள் முடிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரே நாளை மூன்று ஞாயிறுகளுக்கு நீட்டுங்கள். மீதமுள்ள ஹெச்பி, மந்திரம் எல்லாவற்றையும் கிளம்பும் முன் ஒரு போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டுவிடுங்கள், அடுத்த வாரம் வாக்குவாதம் வராது. கதை அதற்கு ஒத்துவரவில்லை என்றால் 2014 கையேட்டிலேயே ஒரு மாற்று விதி இருக்கிறது: குறுகிய ஓய்வு 8 மணி நேரம், நீண்ட ஓய்வு 7 நாள். பயணக் கதைகளுக்கு அது அருமையாகப் பொருந்துகிறது. 3.5 ஆடுகிறவர்கள், நாளுக்கு ஒரே சண்டைதான் என்று உறுதியாகத் தெரிந்தால், பார்ட்டி லெவலைவிட மூன்று கூடுதலான நிலையில் வைக்கலாம். ஐந்துக்குப் போனால் ஓட வேண்டிய சண்டை என்று கையேடே சொல்கிறது.

"இந்த ஓகர் மட்டும் ஏன் இப்படி?"

மான்ஸ்டருக்கு கிளாஸ் லெவல் (ஃபைட்டர், கிளெரிக் போன்ற தொழிலில் தேர்ச்சி) கொடுத்திருப்பீர்கள். 3.5-ல் அதன் இயல்புக்குப் பொருந்தும் கிளாஸ் என்றால் லெவலுக்கு ஒரு சிஆர். பொருந்தாத கிளாஸ் என்றால் பாதிதான், அதன் சொந்த ஹிட் டைஸ் எண்ணிக்கை வரை. 3.5-ல் ஓகருக்கு சிஆர் 3; அதற்கு நான்கு லெவல் கிளெரிக் கொடுத்தால் 3 கூட்டல் 2, சிஆர் 5. ஆனால் கிளாஸோடு எலீட் எண்களும் (சராசரியைவிட உயர்ந்த அபிலிட்டி எண்கள்) வரும், கனமான கவசமும் வரும். ஹெச்பி 68, ஏசி 20-க்கு மேல், புல்ஸ் ஸ்ட்ரெங்த்தும் டிவைன் ஃபேவரும் தனக்கே போட்டுக்கொண்டால் அடி +15. சிஆர் 5 டிரோலின் அடி +9. தன் கையையே பலப்படுத்தும் மந்திரம் உள்ள கிளாஸ், அடித்து வாழும் எந்த மிருகத்துக்கும் பொருந்தும் கிளாஸ்தான். முழு மதிப்பு போடுங்கள், இந்த ஓகர் என் மேசையில் 7. அதே ஓகருக்கு சோர்சரர் லெவல் என்றால் பாதிக் கணக்கு நியாயம், கரிஸ்மா 7 உள்ள பிறவி அது.

சண்டை நடுவிலேயே தெரிந்துவிட்டால்

முதல் அடி பட்ட பிறகு ஹெச்பியை மாற்றாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ஆட்டக்காரர்கள் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வருகிறார்கள். தன் கடைசி ஃபயர்பாலைச் செலவழித்தவருக்கு அதற்கான பலன் உண்மையாகக் கிடைக்க வேண்டும். மான்ஸ்டரின் நடத்தையை மாற்றலாம்: விழுந்தவரை இழுத்துக்கொண்டு ஓடலாம், வயிறு நிறைந்தால் விலகலாம், குட்டியைக் காக்கத் திரும்பலாம்.

இன்னும் உள்ளே வராத மான்ஸ்டரை மாற்ற, 2009-ல் வந்த பாத்ஃபைண்டரின் அவசர விதி கையில் இருக்கட்டும். எல்லா உருட்டலுக்கும் டேமேஜுக்கும் டிசிக்கும் +2, ஏசிக்கு +4, ஹிட் டைஸுக்கு 2 ஹெச்பி, சிஆர் ஒன்று ஏறும். ஐந்து எண்களும் சேர்ந்தே நகர்வதால் ஒன்று மட்டும் ஓடிப்போகாது. 3.5 மான்ஸ்டருக்கும் அப்படியே வேலை செய்கிறது.

"இன்னிக்கு மூணு பேர்தான்", "தம்பியும் வந்திருக்கான், ஆறு பேர்"

முதன்மை மான்ஸ்டரைத் தொடாதீர்கள். கூட வரும் சிறியவற்றை முன்கூட்டியே கழற்றக்கூடியதாக எழுதி வையுங்கள்: அடிப்படைக்கு இரண்டு ஓநாய், ஐந்தாமவருக்கு ஒன்று, ஆறாமவருக்கு இன்னொன்று, மூவர்தான் என்றால் ஓநாயே வேண்டாம். ஐந்தாம் பதிப்பின் 2014 கணக்கில் மான்ஸ்டர்களின் மொத்த மதிப்புக்கு, எண்ணிக்கையைப் பொறுத்து ஒரு பெருக்கல் உண்டு: இரண்டுக்கு ஒன்றரை, மூன்று முதல் ஆறு வரை இரண்டு, ஏழு முதல் பத்து வரை இரண்டரை. பார்ட்டியில் மூவருக்குக் குறைவு என்றால் ஒரு படி மேலே, ஆறோ அதற்கு மேலோ என்றால் ஒரு படி கீழே எடுக்க வேண்டும். 2024 கையேட்டில் இந்தப் பெருக்கலையே எடுத்துவிட்டார்கள். அதனால் புதிய பட்ஜெட்டையும் பழைய பெருக்கலையும் கலந்து போடாதீர்கள், சண்டை பாதியாக மெலிந்துவிடும். எந்தக் கையேட்டின் கணக்கு என்று தாளின் மேலேயே எழுதி வையுங்கள்.